வாய்க்கரிசி போட்ட கை

என் அருமை ஆறுமுகம் அண்ணா,

'அருமை' என்று எழுதிவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்துவிடலாமா என்று தோன்றியது. அடிக்கவில்லை. நீ எனக்கு அருமையானவன்தான். இல்லாவிட்டால் இவ்வளவு கோபம் எங்கிருந்து வரும்?

கோவில் ஆண்டு மலரில் உன் படத்தைப் போட்டு, எதிர்ப்பக்கத்தை எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடு, போதும் என்றார்கள். உன்னைப் பற்றிய நல்ல வார்த்தைகள் நம் ஊரான இந்தப் பாம்பூவில் எல்லோருக்கும் தெரியும். கோவில் கூரைக்குத் தகடு போட்டது, காவடிக்கு முன்னால் நடந்தது, அப்பாவுக்குப் பிறகு குடும்பத்தைத் தாங்கியது, என்னைத் தொழிற்பள்ளியில் சேர்த்தது. எல்லாம் உண்மை. அவற்றை வேறு யாராவது எழுதட்டும். வேறு யாரும் எழுத மாட்டார்கள் என்று தெரிந்ததை நான் எழுதுகிறேன்.

நாம் வீட்டில் பேசுவது கிரியோல். இதையும் கிரியோலில் எழுதினால் எனக்குச் சுலபம். ஆனால் தேவானை அக்காவைத் தள்ளிவைக்கிறோம் என்று கோவில் மண்டபத்தில் நீ எழுந்து வாசித்தது தமிழில். பதிலும் தமிழிலேயே வரட்டும். தமிழ் வகுப்பில் என் காதைத் திருகி உட்காரவைத்தவனும் நீதானே. அதனால் எல்லோருடைய பேச்சையும் தமிழாக்கித்தான் எழுதுகிறேன். தப்பு இருந்தால் அது உன் மாணவனின் தப்பு.

கதை தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உனக்கு அடுத்தவள் தேவானை, எனக்கு மூத்தவள். போர்ட் லூயியை ஒட்டிய டிராங்கெபாரைச் சேர்ந்த ஜெரார் என்ற, ஆலை இயந்திரம் பொருத்தும் பிட்டரைக் கட்டிக்கொண்டாள். அவரும் நம்மைப் போலக் கரும்பு வெட்டக் கப்பலேறி வந்தவர்களின் பேரன்தான். அவர் வீட்டில் தாத்தா காலத்திலேயே மாதா கோவிலுக்குப் போய்விட்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். நீ அப்போது கோவில் காரியதரிசி. சர்ச்சில் மோதிரம் மாற்றிய பெண் பிறந்த வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது, வீட்டார் அவள் கையால் தண்ணீர்கூட வாங்கக்கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தாய். சொந்தத் தங்கையிடமிருந்தே தொடங்குகிறேன் என்றாய். கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து எங்களையெல்லாம் தலைமுழுக வைத்தாய். அம்மா ஈரத் தலையோடு அடுப்படியில் போய் உட்கார்ந்தது உனக்கு ஞாபகம் இருந்ததா?

அப்பா செத்த அன்று அக்கா வந்தாள். முந்தானையில் அரிசி முடிந்து கொண்டு வந்திருந்தாள். நீ கேட்டிலேயே அவள் கையைப் பிடித்து நிறுத்தினாய். "பொணத்துக்கும் ஒரு மரியாதை இருக்கு" என்றாய். சத்தம்கூடப் போடவில்லை. அவள் முடிச்சை அவிழ்த்து அரிசியை அங்கேயே உதறிவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். பக்கத்து வீட்டுக் கோழிகள் வந்து பொறுக்கின. அப்பாவை வைத்துக்கொண்டு எல்லோரும் கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு அக்காவும் ஜெராரும் கடல் தாண்டி, பிரெஞ்சுக்காரர்களின் ரியூனியன் தீவுக்குப் போய்விட்டதாகக் கேள்வி. அதற்கடுத்த வருஷம் உனக்கும் ரியூனியன் சர்க்கரை ஆலையொன்றில் பாகு காய்ச்சும் மேஸ்திரி வேலை கிடைத்தது. இங்கே நம் நிறத்துக்கு அந்த நாற்காலியைத் தர மாட்டார்கள், அங்கே தருகிறார்கள் என்றாய். நான் பெருமைப்பட்டேன். கரும்பு அரைவை தொடங்கும்போது போவாய், முடிந்ததும் வருவாய். ஒவ்வொரு தடவை நீ பெட்டியை இறக்கி வைத்ததும் அம்மா ஒரே கேள்வியைத்தான் கேட்பாள், அதையும் சுற்றி வளைத்து: "அந்தப் பக்கம் நம்ம ஆளுங்க யாரையாச்சும் பாத்தியாப்பா?"

"யாரையும் பாக்கலம்மா."

அந்தப் பதிலை எத்தனை வருஷம் சொன்னாய், அண்ணா? உனக்கு ஒரு தடவையாவது நாக்குத் தடுக்கவில்லையா?

போன வருஷம் தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் போவேன் என்று தாமதமாகக் கிளம்பினாய். நீ ஓட்டுப் போட்ட கட்சி ஜெயித்தது. சுதந்திரமும் வந்துவிட்டது. மார்ச் மாதம் பள்ளிக்கூட மைதானத்தில் நாலு நிறக் கொடியை ஏற்றினார்கள், எனக்கும் ஒரு மூலையில் விளக்குக் கம்பி இழுக்கிற வேலை இருந்தது. நீ இருந்திருந்தால் மேடையில் உட்கார்ந்திருப்பாய். அந்த மேடையைப் பார்த்தபோதும் எனக்கு உன்மேல் கோபம்தான் வந்தது.

நீ கிளம்பிப் போன அந்த அரைவை முடிவதற்குள், நான் வேலை பார்க்கும் ஆலையின் ஆபீசுக்குத் தந்தி வந்தது. நான் பட்டறையில் பம்பு ஒன்றைக் கழற்றிப் போட்டிருந்தேன். பிரெஞ்சில் ரெண்டே வரி. ஆறுமுகம் மாரடைப்பில் காலமானார், குடும்பத்தில் ஒருவர் உடனே வரவும். அனுப்பியவர் பெயருக்குப் பதிலாக 'ஒரு நண்பன்' என்று இருந்தது. யாரோ உன்னோடு வேலை பார்க்கிறவர் என்று நினைத்தேன்.

உள்ளூர்ச் சாவு என்றால் அழலாம். வெளியூர்ச் சாவு என்றால் முதலில் ஓட வேண்டும். போர்ட் லூயியில் சுகாதார இலாகாவுக்கும் பாஸ்போர்ட் ஜன்னலுக்கும் நடுவில் நான் அலைந்ததை எழுதினால் மலரில் பக்கம் போதாது. சாரம் இதுதான்: உன்னைக் கொண்டுவரலாம். உள்ளே துத்தநாகப் பெட்டி, வெளியே மரப்பெட்டி, மூட்டெல்லாம் ஈயம் வைத்து ஒட்டியிருக்க வேண்டும். இங்கே இறங்கிய பிறகு எந்தக் காரணத்துக்கும் திறக்கக்கூடாது. அந்த அதிகாரி 'எந்தக் காரணத்துக்கும்' என்பதை ரெண்டு தடவை சொன்னார். தகடு வேலை படித்தவனுக்கு ஒரு தடவை சொன்னாலே போதும்.

வீட்டுக்கு வந்தால் அம்மா அழாமல் உட்கார்ந்திருக்கிறாள். புடைத்த அரிசியை ஒரு தட்டில் வைத்துத் துணியால் மூடியிருக்கிறாள். "அவனைக் கொண்டாந்துடு வேலா. ஒரு தடவை வாயில அரிசி போட்டுடணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றாள். பெட்டியைத் திறக்க முடியாது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் மாயெபூர் பஸ்ஸைப் பிடித்து விமான நிலையத்துக்குப் போனேன்.

அங்கே இறங்கியதும் என்னை எதிர்கொண்ட அந்த 'நண்பன்' ஜெரார்.

எனக்கு அவர் முகம் தெரியும். டிராங்கெபாரில் உன்னோடு நடக்கும்போது அவர் எதிரே வந்தால் நீ என் தோளைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்புவாய். அதனாலேயே நான் நன்றாகப் பார்த்து வைத்திருந்தேன். இப்போது அவர் என் பையை வாங்கிக்கொண்டு, "வாங்க மச்சான். அண்ணன் வீட்லதான் இருக்காரு" என்றார்.

எந்த வீட்டில் என்று கேட்டேன்.

"நம்ம வீட்ல. எப்பவும் அங்கதானே தங்குவாரு" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

முன் அறையில் கட்டிலில் கிடந்தாய். கீழே மீன்காரரிடம் வாங்கிய ஐஸ் கட்டிகள், மேலே சாக்கு. உன்னைக் குளிப்பாட்டி, வேட்டி கட்டி, திருநீறு பூசி வைத்திருந்தாள் அக்கா. நான் அவளைப் பார்ப்பதற்கு முன் அறையைப் பார்த்தேன். சுவரில் அவர்களுடைய சிலுவை. அதற்குப் பக்கத்தில், அதே உயரத்தில், முருகன் படம். நம் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போனாயே, வேலை செய்யும் இடத்தில் மாட்டப் போகிறேன் என்று, அதே படம். ஆணியை நீயே அடித்திருப்பாய். நேராக அடித்திருந்தாய்.

உன் தலைமாட்டில் ஒரு பெண் குழந்தை நின்றுகொண்டிருந்தது. அக்காவின் மூக்கு. எல்லோரும் கிரியோலில் பேசும் அந்த வீட்டில், உன்னைக் காட்டி என்னிடம் தமிழில் "மாமா" என்றது. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்கவே தேவையில்லை. அம்மாவுக்கு ஒரு பேத்தி இருக்கிறாள். உன் மடியில் வளர்ந்திருக்கிறாள். நீ யாரையும் பார்க்கவில்லை.

என்னால் அழ முடியவில்லை, அண்ணா. நீ செத்ததற்கு அழத்தான் கடல் தாண்டி வந்தேன். அந்தக் குழந்தை வாயைத் திறந்ததும் அழுகை உள்ளேயே கெட்டியாகிவிட்டது.

அக்காதான் சொன்னாள். நீ முதல் தடவை வந்தபோது மழை. வாசலுக்கு வெளியே நனைந்துகொண்டு நின்றாய். உள்ளே வா என்று அவளும் கூப்பிடவில்லை, வரட்டுமா என்று நீயும் கேட்கவில்லை. கடைசியில் "பசிக்குது தேவானை" என்றாயாம். அவள் இலையைப் போட்டுவிட்டாள். "பசிக்குதுன்னு வந்தவர்ட்ட என்னத்தடா கேக்கறது?" என்றாள் என்னிடம். அந்த மேஸ்திரி வேலைக்கு ஆலையில் உன் பெயரைச் சொன்னவரே ஜெரார்தான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நம் நிறத்துக்கு நாற்காலி தருகிறார்கள் என்றாயே, அந்த நாற்காலியை இழுத்துப் போட்டவர் யார் என்பதை மட்டும் விட்டுவிட்டாய்.

ஒவ்வொரு வருஷமும் கிளம்பும்போது, அடுத்த தடவை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்பாயாம். அவளும் நம்பினாளா என்று கேட்டேன். முதலில் நம்பினாளாம். பிறகு, நீ சொல்கிறாயே என்று கேட்டுக்கொண்டாளாம்.

"ஏன்க்கா அவருக்கு இங்கே ஒரு வாய், அங்கே ஒரு வாய்?"

"பயம்டா. அவர் சொல்லை நம்பி இன்னும் ரெண்டு மூணு வீட்ல பொண்ணுங்களத் தள்ளி வச்சிட்டாங்க இல்ல. தான் மட்டும் எப்படித் திரும்பறது? ஒரு தடவை குடிச்சிட்டு என் காலப் பிடிச்சிக்கிட்டு அழுதாரு. காலைல எழுந்து ஒண்ணுமே நடக்காத மாதிரி கஞ்சி கேட்டாரு."

ஆயிரம் பேர் முன்னால் வாசித்தாய். ஒருத்தி காலில் விழுந்து அழுதாய். எது பெரிய சத்தம் என்று எண்ணிக்கொண்டாய்?

பிறகு வேலை. ஜெரார் ஆலை லாரியை வாங்கிக்கொண்டு வந்து என்னோடு சுற்றினார். டாக்டரிடம், நகரசபை ஆபீசில், அப்போது நாமும் பிரிட்டிஷ் பிரஜைகள் என்பதால் அவர்களுடைய காரியத்தைப் பார்க்கும் வியாபாரியிடம், துறைமுகத்தில். நகரசபையில் இறந்தவர் பெயரைச் சொன்னதும் அங்கிருந்தவர் நிமிர்ந்து, "நம்ம ஜெராரோட மச்சானா, அடடா" என்று எழுந்து கையைக் கொடுத்தார். ஊருக்கே தெரிந்திருக்கிறது. ஒரு கடல்தான் நடுவில். கப்பல் ஒரு ராத்திரியில் தாண்டிவிடும் கடல். அதற்கு இந்தப் பக்கம் ஒரு சொல்கூட வந்து சேரவில்லை.

பெட்டி வந்தது. மரம் நல்ல மரம். துத்தநாகத் தகட்டை மடித்தவன் அவசரத்தில் மடித்திருந்தான், மூலைகளில் ஈயம் மெல்லிசாக ஓடியிருந்தது. கப்பல் வெயிலில் அது தாங்காது. மூடியை நானே ஒட்டிவிடுகிறேன் என்று சூட்டுக்கோலையும் ஈயத்தையும் வாங்கிக்கொண்டேன். அந்த ஆள் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டு நிழலில் போய் நின்றான்.

மூடுவதற்கு முன் அக்கா ஒரு சின்னக் கிண்ணத்தோடு வந்தாள். அரிசி. உன் பக்கத்தில் வந்தவள் கையை நீட்டவில்லை. என்னைப் பார்த்தாள். "அண்ணன் இருந்தா வேணாம்பாரு. இப்ப வீட்டுக்குப் பெரியவன் நீதான். நீ சொல்லுடா. போடலாமா?" என்றாள்.

என்னைவிட மூத்தவள். உன்னைக் குளிப்பாட்டியவள். வருஷக்கணக்காக உனக்குச் சோறு போட்டவள். உன் வாயில் அரிசி போட என்னிடம் அனுமதி கேட்டாள். அந்த நிமிஷம் நீ உயிரோடு இருந்திருந்தால் உன் சட்டையைப் பிடித்திருப்பேன்.

"போடுக்கா" என்றேன்.

போட்டாள். குழந்தையின் கையைப் பிடித்து அதையும் போடவைத்தாள். ஜெரார் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தள்ளி நின்றார். கூப்பிட்டதற்கு, "வேணாம் மச்சான், உங்க முறை எனக்குத் தெரியாது" என்றார். அக்கா கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. கை வரவில்லை, அண்ணா. அதற்காக இன்றுவரை வருத்தப்படவும் இல்லை. அம்மாவிடம் யாரையும் பார்க்கவில்லை என்று சொன்ன வாயில் என் கையால் எதையும் போட எனக்கு மனசில்லை.

மூடியை வைத்து ஒட்டினேன். அமிலம் தடவி, கோலைக் காய்ச்சி, மூட்டு மூட்டாக ஈயத்தை ஓடவிட்டேன். நான் செய்த வேலைகளிலேயே சுத்தமான வேலை அதுதான். நீ என்னைப் படிக்க வைத்த படிப்பு.

துறைமுகத்தில் அக்காவை என்னோடு கப்பலுக்குக் கூப்பிட்டேன். கெஞ்சவே செய்தேன். அவள் வரவில்லை. "அவர் தன் வாயால வான்னு சொன்னாத்தான் அந்த வாசல்ல கால் வைப்பேன்னு சொல்லியிருந்தேன். இப்ப அந்த வாய்ல அரிசியே போட்டுட்டேன்" என்றாள்.

இங்கே உனக்குக் குறை ஒன்றும் வைக்கவில்லை. கோவில் கமிட்டி முழுக்க வந்தது. பெட்டியை நம் வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் இறக்கி வைக்கச் சுகாதார இலாகா ஆள் ஒப்புக்கொண்டார், பக்கத்திலேயே நின்றுகொண்டார். அம்மா தட்டோடு வந்தாள். பெட்டியைச் சுற்றி வந்து தேடினாள், எந்தப் பக்கம் தலை, எங்கே திறப்பது என்று. நான் உண்மையைச் சொன்னேன். திறக்க முடியாதும்மா. திறக்கக் கூடாது.

கந்தசாமி மாமா முன்னால் வந்தார். உன் தீர்மானத்துக்கு முதலில் கைதட்டியவர், உன்னை அடுத்துத் தன் பெண்ணைத் தள்ளிவைத்தவர். "நீதானேப்பா ஈயம் வச்சே? வச்சவனுக்கு எடுக்கத் தெரியாதா? ஒரு மூலையத் தூக்கு, கெழவி போடட்டும்" என்றார். இலாகா ஆள் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். நாள் கடந்த உடம்பு. உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும், அம்மா அதைப் பார்க்க வேண்டாம்.

அம்மா அரிசியை மூடிமேலேயே போட்டாள். மெருகு போட்ட மரம். அரிசி நிற்காமல் வழுக்கித் தரையில் கொட்டியது. மறுபடி போட்டாள். மறுபடி கொட்டியது. அப்போதுதான் அவள் அழுதாள். "எம் புள்ள வெறும் வாயோட போறானே. ஒரு பருக்கை போட நாதியத்துப் போயிட்டானே."

நான் போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். அம்மா அடங்கியிருப்பாள், உன் பெயர் அப்படியே இருந்திருக்கும், கமிட்டி உன்னைத் தோளில் தூக்கியிருக்கும். நீ இத்தனை வருஷம் செய்ததும் அந்த ஒரு சொல்தானே? ஆனால் அதைச் சொன்னால் அக்காவின் கையை உன்னோடு சேர்த்து நானும் புதைத்துவிடுவேன்.

"வெறும் வாயோட போகலைம்மா. அரிசி போட்டாச்சு."

"யாரு போட்டா? நீயா?"

"இல்லே. தேவானை அக்கா."

உன் சங்கதி முழுவதையும் அங்கேயே சொன்னேன். அவள் வீட்டில்தான் தங்கினாய், அவள் கையால்தான் சாப்பிட்டாய், அவள் வீட்டில்தான் செத்தாய். நீட்டி முழக்கவில்லை. எனக்கு அது தெரியாது.

கமிட்டித் தலைவர் என் கையைப் பிடித்து, தம்பி, செத்தவன் பேரைக் கெடுக்கிற நேரமா இது என்று காதோடு கேட்டார். கந்தசாமி மாமா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கண்ணன் சொன்னதாலதானே நான் எம் பொண்ண..." என்று தொடங்கினார். முடிக்கவில்லை. உன்னைத் தூக்கும்போது அவர் தோள் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் மாயெபூர் பஸ்ஸில் ஒரு பலாப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அவர் தள்ளிவைத்த பெண் குடியிருப்பது மாயெபூரில்.

அம்மா அன்று, "தேவானை போட்டாளா? அப்ப சரி. சாப்பிட்டுத்தான் போயிருக்கான்" என்று மட்டும் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பதினாறாம் நாள் பந்தல் பிரித்த பிறகு கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "வருஷா வருஷம் அங்கதான் சாப்பிட்டானா?"

ஆமாம் என்றேன்.

"புள்ளகூட இருக்கா அவளுக்கு?"

இருக்கிறது என்றேன். பெண் குழந்தை. அக்காவின் மூக்கு.

அவள் கீரையைக் கீழே வைத்தாள். "எனக்கு ஒரு பிடி கொண்டாந்திருக்கலாமே அவன்" என்றாள்.

அவ்வளவுதான், அண்ணா. சாபம் கொடுக்கவில்லை, மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. உன்னைப் பற்றி அவள் சொன்ன ஒரே குறை அது. கமிட்டி, தீர்மானம், கைதட்டல், நீ பயந்த அத்தனை பேரும் ஒரு பக்கம். இந்த ஒரு வாக்கியம் ஒரு பக்கம். எதற்கு நீ பயந்திருக்க வேண்டும்?

இப்போது நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். அக்கா பழையபடி வீட்டுக்கு வந்து போகட்டும் என்று கமிட்டியில் கேட்டேன். தள்ளிவைத்தவர்தான் சேர்க்க முடியும், அவரோ போய்விட்டார், நாங்கள் என்ன செய்ய என்றார்கள். செத்தவனுடைய ரோஷத்தைக் கட்டிக் காப்பாற்ற எத்தனை பேர் இருக்கிறார்கள், பார். சரி என்று வந்துவிட்டேன். அம்மாவிடம் சொன்னேன், கோவிலில் உட்கார்ந்து சண்டை போடுகிறேன், அக்காவை இந்த வாசலுக்கு வரவழைக்காமல் விட மாட்டேன் என்று.

"வர வேண்டியவ அவ இல்லடா. போக வேண்டியவ நான்" என்றாள் அம்மா.

நம் ஊர் இருக்கும் கறுப்பாற்று வட்டாரத்தைத் தாண்டி அதிகம் போகாத அம்மாவுக்குப் பாஸ்போர்ட் எடுத்திருக்கிறேன். படம் எடுக்கிறவர் சிரிக்கச் சொன்னார். எதுக்குச் சிரிக்கணும், பொண்ணு வீட்டுக்குத்தானே போறேன் என்று அவரைக் கேட்டாள். விமானத்தில் ஊறுகாய் ஜாடியைக் கொண்டுபோகலாமா என்று தினமும் என்னைக் கேட்கிறாள். ஜெராருக்குப் பிடிக்குமா என்றும் கேட்கிறாள். எனக்கெப்படித் தெரியும்? உனக்குத்தான் தெரிந்திருக்கும்.

இந்தப் பக்கத்தை மலரில் போட மாட்டோம் என்று கமிட்டி சொன்னால், நானே நாலு பிரதி எழுதி ஆலை கேட்டிலும் கடைத்தெருவிலும் ஒட்டுவேன். நீ மண்டபத்தில் நின்று எல்லோருக்கும் கேட்க வாசித்தாய். நானும் எல்லோருக்கும் கேட்கத்தான் சொல்கிறேன்.

உன்னை மன்னித்துவிட்டதாக எழுத வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். எழுத மாட்டேன். மன்னிக்க வேண்டியவர்கள் ரெண்டு பெண்கள், அவர்கள் பாடு. ஆனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உன் முதல் வருஷத் திவசம் பாம்பூவில் நடக்காது. அக்கா வீட்டில் நடக்கும். அம்மா அரிசி களைவாள், அக்கா சமைப்பாள், நான் இலை போடுவேன். பகலில், வாசல் கதவைத் திறந்து வைத்து, தெருவில் போகிறவர்களும் பார்க்கும்படி. உனக்கு உன் இடம் தெரியும். வந்து சாப்பிடு. இந்தத் தடவை யாரிடமும் மறைக்க வேண்டியதில்லை.

தேவானை அக்காவின் தம்பி,
ஆகையால் உனக்கும் தம்பி,
வேலாயுதம்
பாம்பூ